கேஸ் கம்மி, மாப்ள

ஐஸ் கட்டியின் நடுவில் புகை படிந்த மாதிரி வெள்ளையாக இருந்தால், அது ஃபிரிட்ஜ் தட்டில் உறைந்த ஐஸ். எனக்குக் கொடுத்த இந்தத் தண்ணீரில் மிதப்பதும் அந்த ரகம்தான். குறை சொல்லவில்லை சார், தாராளமாகக் குடிக்கலாம். மெஷினில் விழுகிற கட்டி கண்ணாடி மாதிரி இருக்கும். தண்ணீர் தகட்டின் மேல் ஓடிக்கொண்டே உறைவதால், காற்றுக்கு உள்ளே ஒளிந்துகொள்ள நேரம் கிடைப்பதில்லை.

விஷயத்துக்கு வா என்கிறீர்கள். வந்துகொண்டுதான் இருக்கிறேன். மெஷின் புரியாமல் என் மச்சானைப் புரிந்துகொள்ள முடியாது. அவரைப் புரிந்துகொள்ளாமல் என்னைப் புரிந்துகொள்ள முடியாது. இதுவரை யாரும் என்னை முழுதாகப் பேச விட்டதில்லை. நீங்களாவது விடுங்கள்.

நான் வேலை பார்த்த ஹோட்டலில், சமையலறைக்குப் பின்னால் சில படிகள் இறங்கினால் ஒரு சின்ன அறை வரும். ஜன்னல் கிடையாது, கனமான ஸ்பிரிங் கதவு. அதற்குள் ஐஸ் மெஷின். அதன் கம்ப்ரஸர் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம், பின்முற்றத்தில் இருக்கிறது. சுவரில் ஒரு துளை, அதன் வழியாகக் குழாய்கள். அவ்வளவுதான் என் ராஜ்யம்.

கம்ப்ரஸர் கேஸை அழுத்தும். அழுத்திய கேஸ் வெளிக்காற்றில் சூட்டை இறக்கிவைத்துவிட்டுத் திரவமாகி உள்ளே வரும். தகட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வால்வு இருக்கிறது, எக்ஸ்பான்ஷன் வால்வு. அளவில் கட்டைவிரல்தான் இருக்கும். ஆனால் மெஷினுக்கு மூளை அதுதான். அதன் ஊசித்துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும்போதுதான் திரவம் கொதித்து, தகட்டைக் குளிர வைக்கிறது. எவ்வளவு பீய்ச்சுவது என்று வால்வாக முடிவு செய்யாது. தகட்டை விட்டு வெளியேறும் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு செம்புக் குப்பியைப் பட்டை போட்டுக் கட்டியிருப்பார்கள். குழாய் சூடானால் குப்பிக்குள் இருக்கும் கேஸ் விரியும், வால்வு வாயைத் திறக்கும். குளிர்ந்தால் மூடும். முடி மாதிரி ஒரு குழாய் இரண்டுக்கும் நடுவில் தூது போகிறது.

எங்கள் மெஷினில் கெட்டுப்போனது அந்தத் தூதுதான். முடிக்குழாயில் ஒரு கீறல். குப்பிக்குள் இருந்ததெல்லாம் மெல்லக் கசிந்து போய்விட்டது. தகவல் வராததால் வால்வு வாயை இறுக்கிக்கொண்டது. தகட்டில் ஒரு பக்கம் தடித்த ஐஸ், மறுபக்கம் வெறும் ஈரம்.

மெஷினில் கேஸ் குறைந்தாலும் இதே கோலம்தான் தெரியும். அங்கேதான் என் தலைவலி ஆரம்பித்தது.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அந்த ஹோட்டலின் பராமரிப்பு முழுவதையும் கவனித்தவர். தண்ணீர்க் குழாய், மின்சாரம், லிஃப்ட், எல்லாம் அவர் பொறுப்பு. எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். நல்ல மனுஷர். இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. சமையலறைக்குள் அவர் நுழைந்தால் பாத்திரம் கழுவுகிறவர் வரைக்கும் சிரிப்பார்கள். அவரிடம் அழுத்தம் பார்க்கிற கேஜ் கிடையாது, எடை பார்க்கிற தராசு கிடையாது. உள்ளங்கையைக் குழாயில் வைப்பார், கண்ணை மூடுவார், வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி.

"கேஸ் கம்மி, மாப்ள. அவ்ளோதான்."

தோளில் சிலிண்டர் வரும். கால் மணி நேரம் அடைப்பார். கொடுமை என்னவென்றால், ஐஸ் விழும்.

ஏன் விழும் என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். அளவுக்கு மேல் கேஸை அடைத்தால் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் மூடிய வாய் வழியாகக் கொஞ்சத்தை நெட்டித் தள்ளும். சில நாள் ஓடும். பிறகு வெயில் உச்சத்தில் இருக்கும் ஒரு மதியம் அழுத்தம் எல்லை மீறி, பாதுகாப்பு சுவிட்ச் மெஷினை நிறுத்திவிடும். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். நான் அதிகப்படி கேஸை வெளியே எடுப்பேன். எடுத்ததும் தகடு பழையபடி பாதி காயும். உடனே என்ன பேர்? வாத்தியார் கை வைத்தார், மெஷின் படுத்துவிட்டது.

வாத்தியார் என்பது எனக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர். விளக்கம் சொல்கிறவனுக்குக் கிடைக்கிற பெயர்.

"வால்வை மாத்தணும் செஃப். ஒரு நாள் மெஷினை நிறுத்தக் குடுங்க. மொத்தக் கேஸையும் எடுத்துட்டு, மாத்திட்டு, உள்ள இருக்கற காத்தையெல்லாம் உறிஞ்சிட்டு, எடை போட்டு அடைக்கணும். இந்த மெஷினுக்கு இவ்ளோதான்னு மெஷின் பேர்த் தகட்டுலயே பொறிச்சிருக்கு."

"வாத்தியாரே, பாடம் வேணாம். ஐஸ் வேணும்."

"ஐஸுக்காகத்தான் சொல்றேன்."

"உங்க மச்சான் கால் மணி நேரத்துல பண்றதுக்கு உங்களுக்கு எதுக்குங்க ஒரு நாள்?"

காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிராமல் சிரித்தார்கள். தலை நிமிராமல் சிரிக்கும் சிரிப்பு ஒன்று இருக்கிறது சார், அதை நேரில் பட்டால்தான் தெரியும்.

சரி, வீட்டிலாவது யாராவது கேட்பார்கள் என்று பார்த்தால், அங்கே இன்னும் மோசம்.

"ஏங்க, அண்ணன்கிட்ட கேட்டுச் செய்ய வேண்டியதுதான? அதுக்கு எத்தனை வருஷ அனுபவம்."

"உங்க அண்ணன் செய்யறதுதான் தப்பு."

"தப்பாச் செஞ்சா ஐஸ் எப்படி விழும்?"

நான் தட்டையும் டம்ளரையும் வைத்து வால்வு, குப்பி, குழாய் என்று விளக்கினேன். அவள் டம்ளரை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டாள்.

மச்சானிடமே நேராகச் சொன்னேன். சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என் தோளில் கை போட்டார்.

"உங்க படிப்புக்கு நான் எதிரியா மாப்ள? புக்குல இருக்கறது புக்கு மெஷினுக்கு. இது நம்ம மெஷின். இதுக்குப் பசிச்சா சோறு போடணும், அவ்ளோதான்."

"இது பசி இல்ல மச்சான். தொண்டை அடைப்பு. தொண்டை அடைச்சவனுக்கு மேல மேல சோத்தைத் திணிச்சா?"

"பாத்தீங்களா, எவ்ளோ அழகா பேசறீங்க. உங்கள மாதிரி எனக்குப் பேச வராது." மெய்யாகவே ரசித்துச் சிரித்தார். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருக்கலாம்.

பிறகு பெரிய விருந்து ஒன்று வந்தது. ஹோட்டலின் எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன. அதற்கு முந்தைய வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். விருந்து நாளில் மெஷின் நின்றால் இனி அதை நான் தொடக்கூடாது, மச்சான் பார்த்துக்கொள்வார், நான் லாண்டரிக்குப் போக வேண்டும் என்றார். லாண்டரியில் என்ன இருக்கிறது? ஈரத் துணி சுற்றுகிற டிரம். அதில் வால்வு கூடக் கிடையாது.

வாசலில் மச்சான் காத்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க மாப்ள. அந்த ஆளு உங்கள வீட்டுக்கே அனுப்பறதா இருந்தாரு. நான்தான் கெஞ்சி லாண்டரி வாங்கிக் குடுத்தேன். தங்கச்சி முகத்துக்காக. அங்க வேலையே இருக்காது, ஹாயா உக்காரலாம்."

அவர் நன்றியை எதிர்பார்த்தார். நான் சொன்னேன். "ரொம்ப தேங்க்ஸ் மச்சான்" என்றேன்.

விருந்து மாலையில். புதிய வால்வு முந்தைய நாளே என் கைக்கு வந்துவிட்டது. காலையில் யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்தினேன். கேட்டால் விட மாட்டார்கள். உள்ளே இருந்த கேஸ் முழுவதையும் என் சிலிண்டரில் இறக்கினேன். எடை பார்த்தேன். பொறித்திருந்ததைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. நான் சொன்னது சரி என்று தராசு ஒன்றுதான் ஒத்துக்கொண்டது. பழைய வால்வைக் கழற்றினேன். திறந்த குழாய்களின் வாயில் தூசி போகாமல் ஒரு துணியை லேசாகச் சுற்றி, மேலே கறுப்பு நுரைப் பட்டையை இழுத்துவிட்டேன்.

அப்போதுதான் மச்சான் படியிறங்கி வந்தார். தோளில் சிலிண்டர். வழக்கமாகக் கொண்டுவருவதைவிடப் பெரியது, விருந்து நாள் என்பதால்.

"செஃப் கத்தறாரு. ஐஸ் விழலையாமே." தகட்டைப் பார்த்தார். குழாயில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். "கேஸ் கம்மி, மாப்ள."

கம்மியா? அந்தக் குழாயில் கேஸே இல்லை. ஒரு கேஜை மாட்டியிருந்தால் முள் பூஜ்யத்தில் படுத்திருப்பதைப் பார்த்திருப்பார். பூஜ்யம் என்றால் எங்கேயோ திறந்திருக்கிறது என்று அர்த்தம், புதிதாகத் தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரியும். நுரைப் பட்டையை விலக்கியிருந்தால் வால்வே இல்லாததைப் பார்த்திருப்பார். ஏன் மாப்ள மெஷின் நிற்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

"சரி மச்சான். அடைங்க" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "இப்பத்தான் நீங்க நம்ம வழிக்கு வந்திருக்கீங்க."

எப்போதும் அவர் பின்முற்றத்தில் நின்றுதான் அடைப்பார். அன்று அங்கே கேஸ் அடைக்கும் குழாய் வாயில் என் கேஜ் மாட்டியிருந்தது. அதனால் உள்ளே, தரையை ஒட்டி இருக்கும் இன்னொரு குழாய் வாயில் அடைக்கச் சொன்னேன். இதில் தவறு எதுவும் இல்லை. ஒரு வாயில் இரண்டு பேர் மாட்ட முடியாது.

தரையை ஒட்டி அங்கே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் உண்டு. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. கசிந்தால் தண்ணீர் மாதிரித் தரையில் தேங்கி, காற்றை மேலே தள்ளிவிடும். அதை வெளியே இழுக்கத்தான் அந்த ஃபேன். காலையிலேயே அதை நிறுத்தியிருந்தேன். குழாய் திறந்திருக்கும்போது ஃபேன் ஓடினால் தூசி பறக்கும்.

சுவரில் ஒரு கசிவு மணி இருக்கிறது. அதன் ஒயரைக் கழற்றியிருந்தேன். குழாயைத் திறந்தால் அது ஓயாமல் கூவும், வேலை ஓடாது.

அவர் உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது. நான் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். சமையலறை ஆவி உள்ளே போனால் திறந்த குழாயில் ஈரம் ஏறும். அந்த ஈரம் பிறகு வால்வின் ஊசித்துளையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். எந்தப் பாடப் புத்தகத்தில் வேண்டுமானாலும் பாருங்கள். ஸ்பிரிங் கதவு தானாகவே மூடிக்கொள்ளுமே, தாழ்ப்பாள் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நான் பின்முற்றத்துக்குப் போய்க் கேஜின் முன்னால் உட்கார்ந்தேன். சுவர்த் துளை வழியாக எங்கள் பேச்சு நன்றாகவே கேட்டது. கேஸ் சீறும் சத்தமும் கேட்டது. அந்தச் சீற்றம் அவருக்குப் பிடிக்கும். கேஸ் இறங்குகிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார். எங்கே இறங்குகிறது என்பது வேறு விஷயம்.

"மாப்ள, முள் ஏறுதா?"

"இல்ல மச்சான். இன்னும் கொஞ்சம்."

பொய் இல்லை. முள் ஏறவில்லைதான்.

"முழுசா திறந்துட்டேன். இப்போ?"

"அசையவே இல்ல."

"பேய்ப் பசில இருக்கு போல" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. கொஞ்ச நேரம் சீற்றம் மட்டும்.

"மாப்ள, என்னமோ தலை சுத்தற மாதிரி இருக்கு."

"காலைல சாப்டீங்களா மச்சான்?"

"எங்க. காபியோட ஓடி வந்தேன்."

"அதான். நிக்காதீங்க. கீழ உக்காந்துக்குங்க."

உட்கார்ந்தார். உடம்பு சுவரில் சரிந்து இறங்குவது கேட்டது. என் பேச்சை அவர் கேள்வி கேட்காமல் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பிறகு கதவில் ஏதோ பட்டது. ஓங்கித் தட்டுகிற சத்தம் இல்லை. கை தவறிப் பட்ட மாதிரி. நான் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. நகர்ந்திருந்தால் எழுந்திருப்பேனா என்று நீங்கள் கேட்கலாம். நகர வழியில்லை சார், குழாய்தான் திறந்திருந்ததே.

சீற்றம் அடங்கியதும், கதவுக்கு வெளியே இருக்கும் ஃபேன் சுவிட்சைப் போட்டேன். அறை சுத்தமாகும் வரை காத்திருந்தேன். ஆபத்தான இடத்துக்குள் அவசரப்பட்டு நுழையக் கூடாது. பிறகு தாழ்ப்பாளை விலக்கினேன். அவர் சிலிண்டரை அணைத்தபடி கதவோரம் சாய்ந்திருந்தார். கழுத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், அவர் குழாயைப் பார்க்கிற மாதிரி.

அடுத்து நான் செய்ததைத்தான் நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு, அவர் காலைத் தாண்டிப் போய், மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். புதிய வால்வைப் பொருத்தினேன். செம்புக் குப்பியைக் குழாயோடு அணைத்துப் பட்டை போட்டு இறுக்கினேன். அறைச் சூடு அதைத் தொடாதபடி நுரையை இரண்டு சுற்றுச் சுற்றினேன். பம்பைப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச விட்டேன். அதற்கு நேரமாகும். அந்த ஹோட்டலில் முதல் தடவையாக யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்தது.

நடுவில் செஃப் மட்டும் கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை.

"வாத்தியாரே, உங்க மச்சான் உள்ள இருக்காரா?"

"இருக்காரு."

"அப்பாடா. அப்ப ஐஸ் வந்துடும்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். தராசில் எடை பார்த்து, பொறித்திருந்த அளவுக்குச் சரியாகக் கேஸை அடைத்தேன். மெஷினைப் போட்டேன். முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. தகடு முழுவதும் ஒரே தடிப்பில் ஐஸ் படர்ந்தது. அறுவடை நேரம் வந்ததும் சூடான கேஸ் தகட்டுக்குள் பாய்ந்து, ஐஸ் மொத்தமும் ஒரே பாளமாகக் கழன்று விழுந்தது. ஒரு கட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதன் வழியாக அந்தப் பக்கம் தெரிந்தது.

தொட்டி நிறையத் தொடங்கிய பிறகுதான் சமையலறைக்கு ஓடிப்போய் ஆள் விழுந்து கிடக்கிறார் என்றேன். சிலிண்டர் கசிந்து மூச்சு முட்டிவிட்டது என்று டாக்டர் சொன்னார். விபத்து என்று உங்கள் ஆட்கள் எழுதினார்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். லாண்டரிப் பேச்சே இல்லை. நான் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

முடிந்த கேஸை ஏன் கிளறுகிறாய் என்று காலையில் கேட்டீர்களே, அதற்குத்தான் வருகிறேன்.

அன்று மாலை விருந்துக்கு ஐஸ் குறையவில்லை. அதற்குப் பிறகு மெஷின் ஒரு நாளும் நிற்கவில்லை. செஃப் அந்த மெஷின் மேல் என் மச்சானின் போட்டோவை மாட்டியிருக்கிறார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்கிறார்: "உசுரு போற நேரத்துலயும் இதச் சரி பண்ணிட்டுத்தான் போனாரு. அந்தக் கை பட்டதுக்கு அப்புறம் மெஷின் மக்கர் பண்ணதே இல்ல." என் காதுபடச் சொல்கிறார். புது வால்வு பளபளவென்று அவர் மூக்குக்கு நேராக இருக்கிறது. திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

போன வாரம் சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள்: "நீங்க எவ்ளோ நாள் போராடினீங்க அந்த மெஷினோட. அண்ணன் போற போக்குல ஒரே நாள்ல முடிச்சிருச்சு." அழுதுகொண்டே சொன்னாள். தட்டையும் டம்ளரையும் நகர்த்தி விளக்கலாம் என்று கை போனது. எதை விளக்குவது?

அதனால்தான் வந்தேன். வருத்தம் என்று எழுதாதீர்கள், தப்பாகிவிடும். அந்த வால்வை மாற்றியது நான். குப்பியைக் கட்டியது நான். எடை போட்டு அடைத்தது நான். அவர் அடைத்த கேஸில் ஒரு துளிகூட அந்தத் தகட்டுக்குப் போகவில்லை. இதை முதலில் எழுதுங்கள் சார். இதை அவர்கள் நம்ப வேண்டுமென்றால், அவரைக் கொன்றதும் நான்தான் என்று எழுதித்தான் ஆக வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள். அது இரண்டாவது வரியாக இருக்கட்டும்.